மின்புலப் பெயர்ச்சியும் துகள் அடக்கமும்

பெயர்ச்சி என்ற சொல்லை மயிலாப்பூரில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதி வைப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஜலஜா யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பில்லை என்பதுதான் நிஜம். ஓய்வு பெறுகிற வயசு, முழங்கால் வலி, அடையாறு பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை வேலை, வீட்டில் ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வருகிற கணவர். இதற்கு நடுவில்தான் வெங்கடரமணன் வந்து கேட்டார். தெற்கு மாடவீதியில் ஒரு மாடி ஹாலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழில் அறிவியல் சொற்பொழிவு நடத்துகிறவர் அவர். உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள் என்றார். அவள் சரி என்றுவிட்டாள். மாட்டேன் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டும். அது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

அவள் ஆராய்ச்சியை இங்கிலீஷில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தமிழில் தலைப்பு வைக்கத்தான் திண்டாட்டம். கல்லூரியின் கீழ்த்தளத்தில் ஆளுயரத்துக்கு ஒரு எஃகுக் குழாய் படுத்திருக்கிறது. சுற்றிலும் செப்புக் கம்பிச் சுருள். உள்ளே வாயுவைச் சூடாக்கினால் அது மின்துகள்களாகப் பிரிந்து ஊதா நிறத்தில் ஒளிரும். அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். அதைக் குழாயின் சுவரில் படவிடாமல் காந்தத்தால் பிடித்துவைக்க வேண்டும். அந்தக் காந்தப் பிடியோடு மின்புலமும் சேர்ந்தால் துகள்கள் உள்ளே எவ்வளவு நேரம் தங்கும் என்பதுதான் அவளுடைய முப்பது வருஷக் கேள்வி. மின்புலம் பட்டதும் துகள்கள் ஒரு பக்கமாக மெல்ல இடம் மாறுமே, அதற்கு என்ன சொல்வது? பள்ளிக்கூடப் புத்தகத்தில் இடப்பெயர்ச்சி என்று இருக்கிறது. அதை வெட்டிப் பெயர்ச்சி ஆக்கினாள். உள்ளே பிடித்துவைப்பதற்கு அடக்கம் என்று போட்டாள். 'மின்புலப் பெயர்ச்சியும் துகள் அடக்கமும்' என்று வெங்கடரமணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன் 'பெயர்ச்சி'யைப் பார்த்ததும் தனக்குத் தெரிந்த ஒரே முடிவுக்கு வந்தான். 'மின்புலப் பெயர்ச்சி' என்பதைப் பெரிய மஞ்சள் எழுத்திலும் மற்றதைப் பொடியாகவும் போட்டு, பக்கத்தில் வளையத்தோடு சனி கிரகத்தின் படத்தையும் வைத்துக் கொடுத்துவிட்டான். ஊரில் சனிப்பெயர்ச்சி போன வருஷமே ஆயிற்றா, இந்த வருஷம்தானா என்று திருக்கணிதக்காரர்களும் வாக்கியப் பஞ்சாங்கக்காரர்களும் அடித்துக்கொண்டு ஓய்ந்திருந்த நேரம். புதிதாக ஒரு பெயர்ச்சி வந்தால் நான்கு மாடவீதியும் சும்மா இருக்குமா?

ஜலஜாவின் கவலை இதெல்லாம் இல்லை. சொற்பொழிவு ஞாயிறு மாலை. மறுநாள் திங்கள் காலை கேளம்பாக்கத்துக்கு அப்பாலிருந்து ஒரு வேன் வரும். வந்து அவள் கணவர் சுந்தரராமனை அழைத்துப் போகும். ஞாபகம் போனவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் அது. சுத்தமான இடம், நல்ல மனிதர்கள், உயரமான மதில், எண் அழுத்தினால் மட்டும் திறக்கிற கதவு. ஹைதராபாத்தில் இருக்கும் மகள் ஷ்ரேயா பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்தது. அம்மாவும் விழுந்துவிட்டால் இருவரையும் யார் பார்ப்பது என்று அவள் கேட்டதில் தப்பில்லை. ஜலஜாவும் தலையாட்டியிருந்தாள்.

சுந்தரராமன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். இப்போதும் காலையில் சாதுவாகத்தான் இருப்பார். பகலில் பார்த்துக்கொள்ள வரும் ஸ்வர்ணலதா, சாரால் ஒரு தொந்தரவும் இல்லை என்றுதான் சொல்வாள். வெயில் தாழ்ந்ததும் தொடங்கும். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் அதே ஃப்ளாட்டின் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஆத்துக்குப் போணும்" என்பார். இதுதான் நம்ம ஆம் என்று ஜலஜா சொல்வாள். இல்லை என்பார். மறுபடி சொல்வாள். கதவை உலுக்குவார். பூட்டைப் பார்த்துவிட்டால் இன்னும் வேகம். கீழ் வீட்டுக்காரர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு முகம் சுளித்தார்கள், இப்போது டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

பூட்டியும் நிற்கவில்லை. பால்காரர் வந்தபோது ஒரு தரம், கேஸ் சிலிண்டர் வந்தபோது ஒரு தரம் நழுவினார். கடைசித் தரம் நழுவியபோது பொழுது சாயும்வரை கிடைக்கவில்லை. மந்தைவெளி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் இனாயத் சவாரி போன இடத்தில் பார்த்துவிட்டு ஃபோன் பண்ணினார். "மாமி, சாரு வடபழனி டிப்போல நின்னுக்கினு கீறாரு. வர்ற பஸ்ஸெல்லாம் வீட்டுக்குப் போவுமான்னு கேட்டுக்கினு கீறாரு." அன்றுதான் ஜலஜா ஷ்ரேயாவிடம் சரி என்றாள். சொல்லிவிட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுதது துக்கத்தில் பாதி, அப்பாடா என்று பாதி. இரண்டாவது பாதிதான் அவளை இன்னும் குத்திக்கொண்டிருந்தது.

ஞாயிறன்று ஸ்வர்ணலதாவுக்கு லீவு. அதனால் சுந்தரராமனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு ஹாலுக்குக் கூட்டிக்கொண்டே போனாள். இனாயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருந்தாள். ஹால் வாசலில் ஆட்டோவை நிறுத்திய இனாயத் ஃப்ளெக்ஸை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அடக்கம்னா இன்னா மாமி?"

வெளியே சிதறிப் போகாமல் உள்ளேயே வைத்துக்கொள்வது என்று ஜலஜா சொன்னாள்.

"எங்க ஜனங்க அடக்கம்னா வேற மாமி. மவுத் ஆன ஆளத்தான் அடக்கம் பண்ணுவோம்."

அவர் சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சுந்தரராமனின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறதா அந்தச் சொல் வலிக்கிறதா என்று ஜலஜாவுக்குத் தெரியவில்லை.

மேலே ஹாலில் நாற்காலி போதவில்லை. வழக்கமாக வருகிறவர்கள் ரிடையரான ஏழெட்டுப் பேர், அவர்களிலும் பாதிப் பேர் காப்பிக்காக வருபவர்கள். இன்று ஜன்னல் திட்டில்கூட ஆள் உட்கார்ந்திருந்தது. தமிழ்நாட்டில் அறிவியல் தாகம் பிறந்துவிட்டது என்று வெங்கடரமணன் வரவேற்புரையில் தழுதழுத்தார். ஜலஜா மைக்கைப் பிடித்து, இது கிரகம் சம்பந்தப்பட்ட பெயர்ச்சி இல்லை, குழாய்க்குள் இருக்கும் துகள்களின் பெயர்ச்சி என்று முதலிலேயே சொன்னாள். பெரியவர்கள் எடுத்தவுடன் விஷயத்துக்கு வரமாட்டார்கள் என்று கூட்டம் பொறுமையாக இருந்தது.

எப்படிப் புரியவைப்பது? கரும்பலகையும் இல்லை, கணக்கும் கூடாது. ஜன்னல் வழியே தெரிந்த மாடவீதியையே எடுத்துக்கொண்டாள். அறுபத்துமூவர் உற்சவம் அன்றைக்கு வீதி முழுக்கக் கூட்டம். இரண்டு பக்கமும் போலீஸ் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிறுதான் காந்தப்புலம். கயிறு இருந்தால் ஜனங்கள் சந்துக்குள் புகமுடியாது என்று நினைக்கிறோம். ஆனால் கூட்டம் நின்ற இடத்தில் நின்றால் என்ன ஆகும்? ஒருவரை ஒருவர் இடிப்பார்கள். அங்கங்கே நெரிசல் சுழித்துக்கொள்ளும். அந்தச் சுழிப்பிலே மாட்டியவர்களைக் கயிற்றுக்கு வெளியே துப்பிவிடும். காந்தம் எவ்வளவு இறுக்கினாலும் துகள்கள் இப்படித்தான் வெளியே வருகின்றன.

"இப்ப நடுவுலேர்ந்து சுவர் பக்கமா ஒரு மின்புலத்த வெக்கறோம்னு வெச்சுக்கோங்கோ. எல்லாம் சுவர்ல போய் மோதும்னுதானே தோணும்? மோதாது. காந்தம் இருக்கற எடத்துல, தள்ளற பக்கம் துகள் போகாது. குறுக்க திரும்பும். திரும்பித் திரும்பி நடுவச் சுத்த ஆரம்பிச்சுடும். பிளஸ்ஸும் மைனஸும் ஒரே பக்கமா, ஒரே வேகத்துல போகும். பெரிசு சின்னதுன்னு பேதமே கெடையாது."

உள்வரிசை ஒரு வேகத்திலும் வெளிவரிசை வேறு வேகத்திலும் சுற்றினால் இன்னும் நல்லது என்றாள். நெரிசல் சுழித்துக்கொள்ள வந்தால், இரண்டு வரிசையும் அதை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிய்த்துவிடும். துப்புவதற்கு ஆள் சிக்காது. கயிற்றை இறுக்குவதைவிட கூட்டத்தைச் சுற்றவிடுவது சில சமயம் மேல். சொல்லும்போதே, எத்தனை வகுப்புகளில் இதைச் சொல்லி அலுத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

கடுகு நிறப் புடவைக்காரி ஒருத்தி கையைத் தூக்கினாள். "மாமி, மீன ராசிக்கு எப்ப வெளில வரும்?"

ஜலஜாவுக்குத் திருத்துகிற தெம்பு தீர்ந்திருந்தது. எங்கள் குழாயில் கண் இமைக்கிறதுக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும், மின்புலம் வைத்தால் கொஞ்சம் கூட நேரம் தங்கும், அந்த நேரத்தை நீட்டத்தான் இத்தனை பாடும் என்று உண்மையைச் சொன்னாள். கண் இமைக்கிற நேரம்தானா என்று புடவைக்காரிக்கு முகம் மலர்ந்தது. அப்படியானால் பரிகாரம் என்ன என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அந்தச் சமயத்தில் கீழே போக்குவரத்துப் போலீஸ் ஆட்டோவை எடுக்கச் சொல்லி விசில் ஊதினார். இனாயத் ஓடினார். அவர் போன கையோடு சுந்தரராமன் எழுந்தார். வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் மரியாதையாக ஆத்துக்குப் போறேன் என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்க்க நடந்தார். ஜலஜா மேடையிலிருந்து பார்த்தாள். "ஆகவே தள்ளினா துகள்..." என்று ஆரம்பித்த வாக்கியத்தை அப்படியே போட்டுவிட்டு, மைக்கை மேஜைமேல் வைத்து, பக்கவாட்டில் கால் வைத்து வைத்துப் படி இறங்கினாள்.

கீரைக்காரிகளுக்கு நடுவில் வெள்ளைச் சட்டை மேற்கே போய்க்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடிப்பாள். அவர் உதறுவார். யாரும்மா நீ, விடு என்பார். ஒரு தரம் மந்தைவெளியில் நாலு பேர் கூடி, பெரியவரிடம் என்ன வம்பு பண்ணுகிறாய் என்று அவளையே அதட்டியிருக்கிறார்கள். இன்று பிடிப்பதற்குக் கையில் பலமில்லை. நாளைக்கு வேன் வரப்போகிறது, இன்று எதற்குச் சண்டை என்று மனசு விட்டுப்போயிருந்தது. மூச்சு வாங்க அவர் பக்கத்தில் வந்து சேர்ந்து, கூடவே நடந்தாள். அவ்வளவுதான் முடிந்தது.

"ஆத்துக்குத்தானே? போலாம்" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். கை உதறவில்லை, குரல் எழும்பவில்லை. நடையின் வேகம் கொஞ்சம் தணிந்தது. மெட்ரோ வேலைக்கு அடைத்துவைத்த தகரத்தை ஒட்டி வலப்பக்கம் திரும்பினார்கள். குளத்தைத் தாண்டி, வடக்கு மாடவீதியில் வளையல் கடைகளைத் தாண்டி, கிழக்கே கோபுரத்துக்கு எதிரில் நின்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது மறக்கவில்லை. மறுபடி தெற்கு மாடவீதி வந்தது. ஹால் வாசலைக் கடந்தபோது அவர் அதைப் பார்க்கவேயில்லை. நம்ம ஆம் வந்துடுத்தா என்று கேட்டார். அடுத்த தெரு என்றாள். சரி என்று நடந்தார்.

இரண்டாவது சுற்றில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கடுகு நிறப் புடவைக்காரியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கைகூப்பிக்கொண்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். பரிகாரம் என்ன என்று கேட்ட உடனே மாமி எழுந்து போய்க் கணவரோடு பிரதட்சிணம் ஆரம்பித்ததை அவர்கள் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார்கள். சொல்லாமல் செய்து காட்டுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வெங்கடரமணன் ஹாலில் காலி நாற்காலிகளுக்கு நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது.

"எத்தனை சுத்து மாமி?" என்று கேட்டாள் புடவைக்காரி.

"கால் ஓயற வரைக்கும்" என்றாள் ஜலஜா.

கஷ்டமான பரிகாரம்தான், ஆனால் நியாயமானது என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது சுற்றில் ஜலஜாவுக்கு அழுகை வந்தது. நல்லவேளை, கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. தள்ளினால் தள்ளுகிற பக்கம் போகாது, சுற்றும் என்று முப்பது வருஷமாகப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள், வீட்டில் இரண்டு வருஷமாகப் பூட்டையே நம்பியிருந்தாள். முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதோடு பயமும் வந்தது. தினம் யார் சுற்றுவது? இந்தக் காலோடு எத்தனை நாள்? மின்புலம் துகளை நிரந்தரமாக நிறுத்திவைப்பதில்லை. தங்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டும். அவளுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். நாலு மாடவீதியைச் சுற்றி ஒரு நோயை ஏமாற்ற முடியாது.

முனையில் இனாயத் ஆட்டோவோடு நின்றிருந்தார். சுந்தரராமன் தானாகவே ஏறி உட்கார்ந்தார். வீட்டில் ஜலஜா பூட்டைத் திறந்தபோது ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்தார். தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண் அயர்ந்தார். கிரில் கதவு அன்று சத்தம் போடவில்லை. கீழ் வீட்டில் டிவியின் சத்தம்கூடக் குறைவாக இருந்ததைக் கேட்டுக்கொண்டு ஜலஜா முழங்காலில் தைலம் தேய்த்தாள். பிறகு ஷ்ரேயாவைக் கூப்பிட்டு, நாளைக்கு வேன் வேண்டாம் என்றாள்.

ஷ்ரேயா கோபப்படவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது. "எத்தனை நாளைக்கும்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாதுடி. அந்த இடத்த விட்டுடாத, கேட்டு வெச்சுக்கோ. கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம். அதுக்கு மேல நேக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

திங்கள் மாலை கல்லூரியிலிருந்து வந்ததும் ஜலஜா உட்கார நினைத்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரியும். ஸ்வர்ணலதா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வெயில் தாழ்ந்தது. சுந்தரராமன் எழுந்து போய்க் கிரில்லைப் பிடித்தார். இரண்டு வருஷமாக ஜலஜா இந்த நேரத்தில் சொல்லிவந்தது ஒரே வாக்கியம்தான். இன்று அதைச் சொல்லவில்லை. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் பூட்டைத் திறந்தாள்.

"வாங்கோ, ஆத்துக்குப் போலாம்."

அவர் நம்பாமல் பூட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு படி இறங்கினார். தெருமுனை வரை அவளுடைய நொண்டலுக்கு ஏற்ற மாதிரி அவரும் மெதுவாக நடந்தார். தெரியாமல் நடந்தாரோ, பழக்கமோ. முனையில் திரும்பும்போது, ஆபீஸில் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற பழைய மரியாதையோடு அவளைக் கேட்டார்.

"நீங்க எதுவரைக்கும் போறேள் மாமி?"

ஜலஜா கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"நானும் அந்தாத்துக்குத்தான்" என்றாள்.